அரிசி அளந்து பெற்ற வைத்தியம்

ஜப்பான் தேசத்துக் கியூஷூ தீவில் முனகட்டா என்னும் வட்டாரத்துக் கிராமங்களில், 19-ஆம் நூற்றாண்டிலேயே 'ஜோரெய்' என்றொரு வழக்கம் நிலவி வந்தது. ஊர் வைத்தியரின் வருஷ ஜீவனத்துக்கு வேண்டிய அரிசியை, நிலபுலம் உடையவர்கள் கூடுதலாகவும் இல்லாதவர்கள் குறைவாகவும் அளந்து கொடுப்பார்கள். நோய் கண்ட நாளிலோ இரு சாராரும் தனியே கட்டணம் எதுவுமின்றி அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொள்வார்கள். குடியானவனுக்கு வரும்படி வரும் காலம் வேறு, வியாதி வரும் காலம் வேறு என்பதை நன்கு உணர்ந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

மெய்ஜி ஆட்சியில் மேலைநாட்டு வைத்தியம் வேரூன்றியபின், தேர்ச்சி பெற்ற டாக்டர்கள் காசு புழங்கும் பட்டணங்களையே நாடினர். 1930-இல் அமெரிக்கச் சந்தையில் பட்டின் விலை சரியவே, பட்டுப்புழு வளர்த்துப் பிழைத்த குடும்பங்கள் நிலைகுலைந்தன. அவ்வருஷம் நெல் அமோகமாக விளைந்தும் அந்த விளைச்சலே விலையை வீழ்த்திற்று. 1934-இல் வடகிழக்கு மாகாணங்களில் குளிரினால் பயிரே பொய்த்தது. வருமானம் சுருங்கிய வீட்டில் முதலில் தள்ளிப்போடப்படுவது வைத்தியச் செலவுதான். தள்ளிப்போட்ட நோய் முற்றியபின் கடன்பட்டு டாக்டரை அழைப்பதும், அந்தக் கடனுக்காக நிலத்தை இழப்பதும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. இந்நிலையைப் போக்க 1938-இல் தேசிய சுகாதார இன்ஷூரன்ஸ் சட்டம் இயற்றப்பட்டபோது, முனகட்டாவின் பழைய வழக்கம் அதற்கு ஒரு முன்மாதிரியாயிற்று. யுத்தத்துக்குத் திடகாத்திரமான ஆட்கள் வேண்டுமென்ற நோக்கமும் அதில் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் அச்சட்டத்தின்கீழும் கட்டணத்தில் பாதியை நோயாளியே செலுத்த வேண்டியிருந்தபடியால், அந்தப் பாதிக்கும் வகையற்ற ஏழைகளுக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது. இவாத்தே மாகாணத்தில் பனி மூடிய ஸவாவுச்சி கிராமத்தில், உயிரோடிருந்தவரை டாக்டரைக் காணாத முதியவர்களை, இறந்தபின் மரணச் சான்றிதழுக்காகச் சறுக்குவண்டியில் ஏற்றிப் பனியினூடே இழுத்துச் சென்ற காலமும் உண்டு. அவ்வூர்த் தலைவர் ஃபுகசாவா மசாவோ, 1960-இல் 65 வயது கடந்தவர்களுக்கும், மறு வருஷம் 60 கடந்தவர்களுக்கும் சிசுக்களுக்கும் வைத்தியத்தை இலவசமாக்கினார். இது சட்டவிரோதமென்று மாகாண அதிகாரிகள் எச்சரித்தபோது, அரசியல் சாசனத்துக்கு விரோதமன்று என வாதிட்டார். சுகாதாரச் செவிலியர் வீடு வீடாகச் சென்றனர். பனியை அகற்ற யந்திரம் வாங்கிப் பாதைகள் திறக்கப்பட்டன. 1962-இல் அக்கிராமத்தில் ஒரு சிசுவும் இறக்கவில்லை.

இலவசம் என்றால் ஊர்ப்பணம் கரைந்துபோகும் என்பது உலக வழக்கான அச்சம். ஸவாவுச்சியிலோ, காலத்தில் வைத்தியம் கிடைத்ததனால் நோய்கள் முற்றுவது குறைந்து, தலைக்கு ஆகும் வைத்தியச் செலவு பிற்காலத்தில் மாகாணச் சராசரிக்கும் கீழே இறங்கியது.