1818 ராமர் காசும் கம்பெனி அடித்த சாமி வராகனும்

ஆன்லைன் ஏலத் தளங்களில் பழைய காசு தேடுகிறவர்கள் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமார். மறுபக்கம் ஆங்கிலத்தில் 'கிழக்கிந்தியக் கம்பெனி, ஒரு அணா, 1818'. 'மிக அபூர்வம்' என்று போட்டு லட்சக்கணக்கில் விலை கேட்பார்கள். கொஞ்ச காலமாகவே இந்த மாதிரி விளம்பரங்களைச் சேமித்து வைத்து, காசில் இருப்பதை வரலாற்றோடு ஒப்பிட்டு வருகிறேன்.

முதலில் மதிப்பு. பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு அணா நாணயம் புழக்கத்துக்கு வந்தது 1907-ல்தான். அதுவும் செம்பு-நிக்கல் கலவையில், வளைவு வளைவான விளிம்போடு. கம்பெனி 1835-ல் நாடு முழுமைக்கும் ஒரே நாணய முறை கொண்டுவந்தபோது செம்பில் அடித்தது அரை அணா, கால் அணா, பன்னிரண்டில் ஒரு பங்கு அணா (அதாவது பைசா அல்ல, 'பை'). ஒரு அணா அந்த வரிசையிலேயே இல்லை.

அடுத்து வருஷம். இதே பாணியில் 1616, 1717 என்றும் காசுகள் விற்கின்றன. எண்களைப் பார்த்தாலே யாரோ உட்கார்ந்து யோசித்தது மாதிரி இல்லையா? 1616-ல் கம்பெனிக்கு மெட்ராஸே கிடையாது. அந்த இடம் கைக்கு வந்தது 1639-ல்.

அப்படியானால் இவை என்ன? கோயில் வில்லைகள். ராமர் பட்டாபிஷேகம் பொறித்த 'ராமடங்கா' வில்லைகளைப் பூஜையில் வைப்பது பழைய வழக்கம். அதில் ஒரு தப்பும் இல்லை. அந்த வில்லையில் கம்பெனி பெயரையும் வருஷத்தையும் சேர்த்து, 'நாணயம்' என்று பட்டியலிடும்போதுதான் மோசடி ஆரம்பிக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கம்பெனி நிஜமாகவே நம் சாமிகளை நாணயத்தில் போட்டிருக்கிறது. மெட்ராஸில் அடித்த 'மூன்று சாமி வராகன்' தங்கக்காசில் பெருமாள் இரண்டு தேவியரோடு நிற்பார். 1808 வாக்கில் இயந்திரத்தில் அடித்த வெள்ளி அரை வராகனில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் விஷ்ணு. காசின் பெயர் ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என நான்கு மொழிகளில் இருக்கும்.

காரணம் பக்தி இல்லை, வியாபாரம். விஜயநகரக் காலத்திலிருந்து சாமி உருவம் போட்ட வராகனையே கையில் வாங்கிப் பழகிய ஊர் இது. புது முகத்தோடு ஒரு காசு வந்தால் செட்டியார் கடையில் எடுபடாது. அதனால் பழகிய உருவத்தையே கம்பெனியும் அடித்தது. மெட்ராஸில் வராகனை ஒதுக்கிவிட்டு வெள்ளி ரூபாயை அடிப்படை நாணயமாக ஆக்கிய வருஷம் எது தெரியுமா? அதே 1818! அதாவது, சாமி உருவம் விடைபெற்ற வருஷத்தைத்தான் இந்தப் போலிக்காசில் பொறித்திருக்கிறார்கள்.

'ஏமாறுகிறவன் ஏமாறட்டும், நமக்கென்ன' என்று விட்டுவிட முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், வீட்டில் இருந்த அனுமார் காசை விற்றுத்தருகிறோம் என்று சொன்னவர்களிடம் பதிவுக் கட்டணம், பிறகு கமிஷன், பிறகு வரி என்று தவணை தவணையாகப் பணம் கட்டினார். வாங்க வருவதாகச் சொன்ன ஆள் கடைசிவரை வரவேயில்லை. இப்படிப் பழைய காசுக்குக் கட்டணம் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவிப்பு விட்டது. 'அரிசியை இழுக்கும் காசு' என்று சுற்றும் கும்பலும் பெரும்பாலும் இதே ராமர், அனுமார் காசுகளைத்தான் காட்டுகிறது. செம்பு காந்தத்திலேயே ஒட்டாது, அரிசியை எங்கிருந்து இழுக்கும்?

பட்டியலில் போட்டிருக்கும் தொகை விற்பவரின் ஆசை மட்டுமே. முடிந்துபோன ஏலங்களில் அதே காசை எத்தனை பேர், என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று தேடிப் பாருங்கள். வராகன் எப்படி இருக்கும் என்று தெரியவேண்டுமானால், எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுக்கு ஒருநாள் போய் வாருங்கள். லட்சமெல்லாம் வேண்டாம், நுழைவுச்சீட்டு போதும்.