கோதுமைப் பியரின் இரு தாயகங்கள்

நாட்டில் விளையும் கோதுமை வெதுப்பகத்துக்குச் செல்லவேண்டுமா, மது ஆலைக்குச் செல்லவேண்டுமா என்னும் வினா மன்னர்களின் பெருங்கவலையாக இருந்த காலம் ஒன்றுண்டு. கோதுமைப் பியரின் வரலாறு அக்கவலையிலிருந்தே தொடங்குகின்றது. இன்று அப்பானம் ஜேர்மனியிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் பெரும்பாலும் ஒரே பெயரால் வழங்குகின்றது. ஆயினும் இரு நாட்டுக் கிண்ணங்களிலும் உள்ள பொருள் ஒன்றன்று. பெயர் ஒன்றாயிருக்கப் பொருள் வேறானது எங்ஙனம்?

1516ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 23ஆம் நாள், பவேரியாவின் கோமக்களாகிய நான்காம் வில்ஹெல்மும் பத்தாம் லுட்விக்கும் இங்கோல்ஸ்டாட் நகரில் ஒரு கட்டளை பிறப்பித்தனர். பியர் ஆக்குவதற்கு வாற்கோதுமை, ஹொப்ஸ், நீர் ஆகிய மூன்றையன்றி வேறெதையும் சேர்த்தலாகாது என்பதே அக்கட்டளை. பியரின் விலைக்கும் அது வரம்பு கட்டிற்று. கோதுமை மக்களின் அப்பத்துக்குரியது. அதை மதுவில் கரைத்தால் அப்பத்தின் விலை ஏறும் என்பது அதன் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்படும். நொதித்தலை நிகழ்த்தும் மதுவத்தைப் பற்றி அக்கட்டளையில் ஒரு சொல்லும் இல்லை. அது ஓர் உயிர்ப்பொருள் என்பதைத் தெளிவுபடுத்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் லூயி பாஸ்டர் தோன்றவேண்டியிருந்தது. கட்டளை குறிப்பிடாது விட்ட அம்மதுவமே பிற்காலத்தில் இரு நாடுகளின் பியரையும் வேறுபடுத்திற்று என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

சட்டம் செய்தோரே அதற்கு விலக்கும் அளித்தனர். 1548ஆம் ஆண்டில், தன்யூப் நதிக்கு வடக்கே கோதுமைப் பியர் ஆக்கும் உரிமை டெகன்பேர்க் பிரபு குடும்பத்துக்கு வழங்கப்பட்டது. 1602இல் அக்குடும்பம் வாரிசின்றி அற்றுப்போகவே, உரிமை கோமகன் முதலாம் மக்சிமிலியனின் கைக்கு மீண்டது. அவர் அதனை வேறெவருக்கும் கொடுத்தாரல்லர். 1607இல் கெல்ஹைம் நகரில் கோதுமைப் பியர் ஆலை ஒன்று எழுந்தது. மியூனிக் நகரிலும் அரசுக்குரிய ஆலை நிறுவப்பட்டது. குடிகளுக்கு விலக்கப்பட்ட பானம் அரண்மனையின் தனியுரிமையாயிற்று. அதனால் கிடைத்த வருவாய் பவேரிய அரசின் கருவூலத்தை நெடுங்காலம் நிரப்பி வந்தது. அப்பத்தைக் காக்க எழுந்ததெனப்பட்ட தடை, இறுதியில் அரசின் பணப்பெட்டியைக் காப்பதாக மாறிற்று.

கோதுமைப் பியருக்கு வேறொரு வாய்ப்பும் இருந்தது. தீ விபத்துக்கும் பியர் கெடுவதற்கும் அஞ்சி, கோடை மாதங்களில் பியர் ஆக்குவதை 1553இல் பவேரியா தடைசெய்தது. எனவே குளிரில் மெல்ல நொதித்து அடியிற் படியும் மதுவமே வாற்கோதுமைப் பியருக்கு உரியதாயிற்று. கோதுமைப் பியரின் மதுவமோ வெப்பத்தில் விரைந்து நொதித்து மேலே மிதப்பது. கராம்பின் மணத்தையும் பழுத்த வாழைப்பழத்தின் மணத்தையும் தானே உண்டாக்க வல்லது. அப்பியரில் கராம்பும் இல்லை, வாழைப்பழமும் இல்லை; அம்மணம் மதுவத்தின் கொடை. ஜேர்மன் விதிப்படி அதில் இடப்படும் முளைதானியத்தில் பாதிக்குக் குறையாமல் கோதுமை இருத்தல் வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் மக்களின் விருப்பம் வேறு பியர்களின்பாற் சென்றது. வருவாய் குன்றவே, 1798இல் அரசு தன் தனியுரிமையைக் கைவிட்டது. அழியும் நிலையை எய்திய இத்தொழிலைக் காத்தவர் கெயோர்க் ஷ்னைடர் என்பவர். மியூனிக் நகரின் அரச ஆலையைக் குத்தகைக்கு எடுத்து நடத்திய அவர், 1872இல் கோதுமைப் பியர் ஆக்கும் உரிமையைப் பெற்றுத் தமக்கென ஓர் ஆலையை நிறுவினார். அவர் வழிவந்தோர் கெல்ஹைம் நகரின் பழைய ஆலையையும் விலைக்கு வாங்கினர். 1944ஆம் ஆண்டின் குண்டுவீச்சில் மியூனிக் ஆலை அழிந்தபின் தொழில் முழுவதும் கெல்ஹைமுக்குப் பெயர்ந்தது. மக்சிமிலியன் எழுப்பிய இடத்திலேயே இன்றும் அப்பியர் ஆக்கப்படுகின்றது.

ஜேர்மனியின் கோதுமைப் பியர் பவேரியாவோடு முடிந்துவிடுவதன்று. பேர்லினில் புளிப்புச் சுவையுடைய மெல்லிய பியர் ஒன்றுண்டு. பழப்பாகு கலந்து அருந்துதல் அங்கு வழக்கம். லைப்சிக் நகரின் கோசே என்னும் பியரில் உப்பும் கொத்தமல்லியும் சேரும். 1966இல் அதன் ஆக்கம் அற்றுப்போய், 1980களில் மீண்டும் தளிர்த்தது.

இனி அமெரிக்காவை நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அங்குக் குடியேறிய ஜேர்மானியர் அந்நாட்டின் பியர்த் தொழிலுக்கு அடித்தளமிட்டனர். 1920 முதல் 1933 வரை நிலவிய மதுவிலக்கு அத்தொழிலின் பெரும்பகுதியை வேரறுத்தது. விலக்கு நீங்கியபின் எஞ்சியவை பெரும்பாலும் பேராலைகளும் அவற்றின் ஒரேமாதிரியான இளம்பொன் நிறப் பியருமே. வீட்டிற் பியர் ஆக்குதலை அனுமதிக்கும் சட்டத்தில் 1978இல் ஜனாதிபதி கார்ட்டர் ஒப்பமிட்டார். சிற்றாலைகள் பல முளைக்கும் காலம் அதன்பின் வந்தது.

ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லன்ட் நகரில், கேர்ட் விட்மர், ரொப் விட்மர் என்னும் சகோதரர் இருவர் 1984இல் ஆலை ஒன்றைத் தொடங்கினர். அவர்களிடம் இருந்தது ஜேர்மனியிலிருந்து கொணர்ந்த வேறொரு பியருக்குரிய மதுவம்; அது மணத்தில் அடக்கமானது. உள்ளூர் மதுச்சாலை ஒன்று மூன்றாவது வகைப் பியர் ஒன்றைக் கேட்டபொழுது, அதற்கெனத் தனிக்கலம் அவர்களிடம் இருக்கவில்லை. எனவே 1986இல் தம் கோதுமைப் பியரை வடிகட்டாமல், கலங்கலாகவே கொடுத்தனர். அதற்கு அவர்கள் சூட்டியது ஹெஃபெவைசன் என்னும் ஜேர்மன் பெயர். ஹெஃபெ என்றால் மதுவம். வைசன் என்றால் கோதுமை. மதுவத்தைப் பெயரில் தாங்கிய அப்பியரிலே பவேரிய மதுவத்தின் மணம் இல்லை! அவ்விடத்தை ஹொப்ஸின் நறுமணம் நிரப்பிற்று. ஓரிகனில் உருவாக்கப்பட்டு 1972இல் வெளியிடப்பட்ட கஸ்கேட் என்னும் ஹொப்ஸ் வகையும் அதனை ஒத்தனவும் தோடம்பழத் தோலின் வாசனையை நினைவூட்டுவன. கிண்ணத்தின் விளிம்பிலே எலுமிச்சைத் துண்டு வைக்கும் வழக்கமும் அமெரிக்காவிற் பரவிற்று.

இதனைப் பிழையெனப் பவேரியர் சிலர் கூறலாம். ஆனால், 1516ஆம் ஆண்டுக் கட்டளையின்படி நோக்கின் பவேரியரின் கோதுமைப் பியரும் விதிவிலக்கே என்பதை மறத்தலாகாது. இன்று அமெரிக்க ஆலைகள் பல பவேரிய மதுவத்தைக் கொண்டே பழைய முறையிலும் பியர் ஆக்குகின்றன. கோசேயும் அங்குப் புதுவாழ்வு பெற்றுள்ளது. 2007இல் ஷ்னைடர் ஆலையும் நியூயோர்க்கின் புறூக்ளின் ஆலையும் இணைந்து, ஹொப்ஸ் மணம் மிகுந்த கோதுமைப் பியர் ஒன்றை ஆக்கின. நானூறு ஆண்டுப் பழைமையுடைய ஆலை, தன் வழித்தோன்றலிடம் பாடங்கேட்கத் தயங்கவில்லை.

தானியமும் நீரும் எங்கும் ஒன்றே. அவற்றுக்கு வேலியிடுவது சட்டம். அவ்வேலிக்குள் வாயில் வைப்பது வருவாய். புதுநிலத்துக்குக் கொண்டுசெல்வது மனிதரின் இடப்பெயர்வு. மரபு எனப் போற்றப்படுவது எதுவாயினும், அது முன்னொருகால் யாரோ ஒருவர் பெற்ற விலக்காக இருந்திருக்கவும் கூடும். கெல்ஹைமின் பழைய ஆலை அதற்குச் சான்றாய் நிற்கின்றது.