ஐந்து நிமிடமும் ஒரு பழந்துணியும்: எமது கார் எஞ்சினை நாமே கவனிப்போம்

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் வாகனம் வைத்திருந்தவர்களுக்கு எஞ்சினைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையிருக்கவில்லை. பொருளாதாரத் தடையினால் பெற்றோல் குடாநாட்டுக்குள் வராத அந்த ஆண்டுகளில், ஒஸ்ரின் ஏ40 கார்களும் மொறிஸ் மைனர்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. கொஞ்சம் பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பெற்றோல் எஞ்சினில் மண்ணெண்ணெய் முழுமையாக எரியாது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவர் வழியே கீழிறங்கி எஞ்சின் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீராக்கிவிடும். பிளக்கில் கரி படியும். அதனால் பிளக்கைக் கழற்றித் துடைப்பதும் ஒயிலைப் பார்ப்பதும் அன்றாட வேலையாக இருந்தது.

இன்று நியூ ஜேர்சியிலும் பே ஏரியாவிலும் ரெக்சாஸிலும் வாழும் எமக்குக் கார் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. வேலை, பிள்ளைகளின் பாடசாலை, வார இறுதித் தமிழ்ப் பள்ளி, கோயில், கொண்டாட்டம் எல்லாமே அதை நம்பித்தான். ஆனால் பொனற்றைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்று கேட்டால் எம்மில் பலரிடம் பதில் இல்லை. எஞ்சின் பழுதானால் செலவு ஆயிரக்கணக்கான டொலரில் வரும். நெடுஞ்சாலையில், இரவில், பிள்ளைகளோடு நின்றுபோவது அதைவிடப் பெரிய விடயம். மெக்கானிக் அல்லாத சாதாரண ஓட்டுநர் ஒருவர் தானே செய்யக்கூடிய, செய்யவேண்டிய சிலவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

அரசாங்கம் பார்க்குமா?

அரசாங்கப் பரிசோதனையில் கார் தேறிவிட்டது, ஆகவே எல்லாம் சரி என்று பலரும் நினைக்கிறார்கள். அது பிழை.

நியூ ஜேர்சியில் சாதாரண பயணிகள் கார்களுக்கான இயந்திரப் பாதுகாப்புப் பரிசோதனை 2010 இல் கைவிடப்பட்டது. இப்போது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புகைப் பரிசோதனை மட்டுமே. புதிய கார்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு அதுவும் இல்லை. கலிபோர்னியாவில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் ஸ்மொக் பரிசோதனையும் புகையைப் பற்றியதே. அங்கு பெற்றோல் கார்களுக்கு முதல் எட்டு மொடல் ஆண்டுகளுக்கு விலக்கு உண்டு. ரெக்சாஸில் 2025 ஜனவரி 1 முதல் சாதாரண கார்களுக்கான பாதுகாப்புப் பரிசோதனையே இல்லை. ஹூஸ்ரன், டலஸ், ஒஸ்ரின் போன்ற பெருநகரப் பகுதிகளில் புகைப் பரிசோதனை மட்டும் தொடர்கிறது.

இந்தப் பரிசோதனைகள் எதிலும் உங்கள் ஒயில் எவ்வளவு இருக்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. அதை நாம்தான் பார்க்கவேண்டும்.

ஒயில்: முதலாவதும் முக்கியமானதும்

எஞ்சினுக்குள் உலோகம் உலோகத்தோடு உராயாமல் காப்பது மெல்லிய ஒயில் படலம் ஒன்றுதான். அது சூட்டையும் கடத்துகிறது, அழுக்கையும் சேர்த்துக்கொள்கிறது.

மாதம் ஒருமுறை இவ்வாறு பாருங்கள். காரை மட்டமான தரையில் நிறுத்துங்கள். எஞ்சினை நிறுத்தி ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுங்கள். டிப்ஸ்ரிக் எனப்படும் அளவுக்கம்பியை இழுத்து, பழந்துணியால் துடைத்து, மீண்டும் முழுவதும் உள்ளே விட்டு எடுங்கள். ஒயில் இரண்டு அடையாளங்களுக்கு இடையில் இருக்கவேண்டும். கீழ் அடையாளத்தில் நின்றால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் இரு அடையாளங்களுக்கும் இடைப்பட்ட அளவு ஏறத்தாழ ஒரு குவார்ட், அதாவது ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவு. மேல் அடையாளத்தைத் தாண்டி ஊற்றுவதும் கேடுதான், ஒயில் நுரைத்துவிடும். சில புதிய கார்களில் இந்தக் கம்பியே இல்லை. அவற்றில் திரையில் பார்க்கவேண்டும். எப்படி என்று கையேட்டில் இருக்கும்.

ஒயில் கறுப்பாக இருப்பது மட்டும் பயப்படவேண்டிய அடையாளம் அல்ல. பால்தேநீர் நிறத்தில் கலங்கி இருந்தால் கூலன்ற் கலந்திருக்கலாம். பெற்றோல் மணம் பலமாக வந்தாலும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஏன் மாதம் ஒருமுறை? முன்பு 3,000 மைலுக்கு ஒருமுறை ஒயில் மாற்றினோம். இன்றைய சிந்தெற்றிக் ஒயிலோடு பல கார்களுக்கு 5,000 முதல் 10,000 மைல் வரை தயாரிப்பாளரே அனுமதிக்கிறார். அது நல்லதுதான். ஆனால் அதற்கிடையில் ஒயில் குறையலாம். 1,000 அல்லது 1,200 மைலுக்கு ஒரு குவார்ட் குறைவதைக்கூடச் சில தயாரிப்பாளர்கள் வழமையானது என்றே கொள்கிறார்கள். பல சிறிய கார்களின் எஞ்சின் கொள்வதே நான்கைந்து குவார்ட்தான். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். அடுத்த ஒயில் மாற்றத்துக்கு இன்னும் 5,000 மைல் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவரின் எஞ்சின் அதற்கு முன்பே வறண்டுபோகலாம்.

எப்போது மாற்றுவது என்பதைக் கண்ணாடியில் ஒட்டப்படும் துண்டைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம். கையேட்டைப் பாருங்கள். அதில் கடினமான பாவனை என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். இழுவை வண்டி கட்டுதல், புழுதிப் பாதை, குளிரில் குறுந்தூர ஓட்டம் ஆகியவை அதில் அடங்கும். உதாரணமாக, தொயோத்தாவின் சிந்தெற்றிக் ஒயில் பாவிக்கும் பல மொடல்களுக்கு வழமையில் 10,000 மைல் அல்லது 12 மாதம் என்றால், இத்தகைய பாவனைக்கு 5,000 மைல் அல்லது ஆறு மாதம்.

நியூ ஜேர்சிக் குளிர்காலத்தில் வீட்டிலிருந்து தொடருந்து நிலையத்துக்கு இரண்டு மைல், மாலையில் திரும்ப இரண்டு மைல் என்று ஓடும் கார் இந்த வகைதான். எஞ்சின் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுகிறோம். எரியாத பெற்றோலும் நீராவியும் ஒயிலில் தங்கிவிடுகின்றன. யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் செய்த அதே வேலையை இங்கே குறுந்தூரப் பயணம் மெதுவாகச் செய்கிறது. கிழமைக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓடினால் எஞ்சின் நன்கு சூடேறி அவை ஆவியாக வெளியேறும்.

ஒயிலின் தரம் கையேட்டில் குறித்தபடியே இருக்கவேண்டும். 0டபிள்யூ-20 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண் சிறிதாக இருந்தால் குளிரிலும் ஒயில் விரைந்து பாயும் என்று பொருள். ஹைபிரிட் கார் வைத்திருப்போர் ஒன்றை மறக்கக்கூடாது: அதிலும் எஞ்சின் இருக்கிறது, ஒயிலும் இருக்கிறது.

கூலன்ற்: தண்ணீர் மட்டும் போதாது

கூலன்ற் என்பது பாதி அன்ரிபிறீஸ், பாதி வடித்த நீர். சரியான கலவை உறைநிலையைச் சுமார் மறை 37 பாகை செல்சியஸ் வரை இறக்குகிறது. கொதிநிலையை உயர்த்துகிறது. துருவையும் தடுக்கிறது. ரெக்சாஸ் வெயில் ஊர்தானே என்று வெறும் தண்ணீரை ஊற்றி வைத்திருந்தால், 2021 பெப்ரவரியில் வந்தது போன்ற உறைபனியில் அந்த நீர் உறைந்து, விரிந்து, எஞ்சின் உடலையே வெடிக்கச் செய்துவிடும்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது வெளியே தெரியும் பிளாஸ்ரிக் கலத்தில் அளவைப் பாருங்கள். சூடான எஞ்சினில் றேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். கூலன்ற் இனிப்பானது, நஞ்சானது. சிந்தினால் உடனே துடையுங்கள். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் உள்ள வீடு என்றால் இன்னும் கவனம்.

அதே 2021 குளிரில் மின்சாரம் இல்லாமல் தவித்த சிலர், வீட்டோடு ஒட்டிய கராச்சுக்குள் காரை ஓடவிட்டு கார்பன் மொனொக்சைட் நச்சினால் உயிரிழந்தனர். கராச் கதவு திறந்திருந்தாலும் உள்ளே எஞ்சினை ஓடவிடாதீர்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

வடிகட்டி, பற்றறி, பெல்ற்

காற்று வடிகட்டியை மாற்றப் பெரும்பாலான கார்களில் எந்தக் கருவியும் தேவையில்லை. பெட்டியின் கொளுவிகளைத் திறந்து, எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவாவிட்டால் மாற்றவேண்டும். கலிபோர்னியாவில் காட்டுத்தீச் சாம்பல் விழுந்த பருவத்துக்குப் பின் கட்டாயம் பாருங்கள்.

பற்றறியைக் கொல்வது குளிர் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அதைத் தேய்ப்பது வெயில், குளிர் அதைக் காட்டிக்கொடுக்கிறது. ரெக்சாஸ் வெயிலில் மூன்று ஆண்டுகளைத் தாண்டிவிட்டால் ஆண்டுதோறும் சோதித்துக்கொள்வது நல்லது. உதிரிப்பாகக் கடைகள் பலவற்றில் இச்சோதனை இலவசம்.

உங்கள் எஞ்சினில் இருப்பது ரைமிங் பெல்ற்றா சங்கிலியா என்று கையேட்டைப் பார்த்து அறிந்துகொள்ளுங்கள். பெல்ற் என்றால் குறித்த மைலில் மாற்றியே ஆகவேண்டும். பல எஞ்சின்களில் அது அறுந்தால் பிஸ்ரனும் வால்வும் மோதி எஞ்சின் முழுவதும் பாழாகும். பழைய கார் வாங்குவோர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது.

விளக்கு எரிந்தால்

சிவப்பு நிறத்தில் எண்ணெய்க் குவளை போன்ற விளக்கு எரிந்தால் ஒயில் அழுத்தம் போய்விட்டது என்று பொருள். வீடு வரை ஓட்டிப் பார்க்கவேண்டாம். பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி எஞ்சினை அணையுங்கள்.

வெப்பமானி சிவப்புக்கு ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழு அளவில் திறந்து, ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். ஹீற்றர் எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதியை இழுத்தெடுக்கும்.

மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு விடாமல் எரிந்தால் சில நாட்களுக்குள் காட்டுங்கள். அது மின்னினால் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். தொடர்ந்து ஓட்டினால் விலை கூடிய கற்றலிற்றிக் கொன்வேற்றர் கெட்டுவிடும். 1996 மொடல் தொடக்கம் எல்லாக் கார்களிலும் ஓபிடி-2 இணைப்பு உண்டு. அதில் செருகும் சிறிய வாசிப்பான் ஒன்றை மலிவாக வாங்கலாம். விளக்கு எரிந்தால் புகைப் பரிசோதனையில் கார் தேறாது. பரிசோதனைக்கு முதல் நாள் விளக்கை அழித்துவிட்டுப் போனாலும், கணினி தன் சோதனைகளை முடிக்காததால் திருப்பி அனுப்புவார்கள்.

உங்கள் உரிமை

தம்மிடமே ஒயில் மாற்றாவிட்டால் உத்தரவாதம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 1975 ஆம் ஆண்டின் மக்னசன்-மொஸ் உத்தரவாதச் சட்டத்தின்படி, நீங்கள் வெளியில் அல்லது வீட்டில் ஒயில் மாற்றினீர்கள் என்பதற்காக மட்டும் உத்தரவாதத்தை மறுக்க முடியாது. ஆனால் மாற்றியதற்குச் சான்று உங்களிடம் இருக்கவேண்டும். திகதி, மைல், ஒயிலின் தரம், பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரு உறையில் காரிலேயே வையுங்கள். விற்கும்போதும் அந்த உறைக்கு மதிப்புண்டு.

கலிபோர்னியாவில் வேலை தொடங்குமுன் எழுத்து மூலமான மதிப்பீட்டைக் கராச் தரவேண்டும். உங்கள் சம்மதமின்றி அதற்கு மேல் அறவிட முடியாது. கழற்றிய பழைய பாகத்தைத் தரும்படி முன்கூட்டியே கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. எமது பெற்றோர்களும் அண்மையில் வந்தவர்களும் ஆங்கிலத்தில் கேள்வி கேட்கத் தயங்கி, சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டு வருவதுண்டு. கையேட்டின் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்துச் சென்று காட்டுங்கள். அதிகம் பேசவேண்டி வராது.

வீட்டில் மாற்றிய பழைய ஒயிலை வடிகாலிலோ மண்ணிலோ ஊற்றவே கூடாது. மூடியுள்ள கலத்தில் உதிரிப்பாகக் கடைக்குக் கொண்டுபோனால் பல இடங்களில் இலவசமாகவே ஏற்றுக்கொள்வார்கள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமையை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். ஒயில், கூலன்ற், நான்கு ரயர்களின் காற்று. மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகாது. வாகனம் ஓட்டப் பழகும் மகனையோ மகளையோ பக்கத்தில் நிறுத்தி, கம்பியை அவர்களையே இழுத்துப் பார்க்கவிடுங்கள். ஊரில் அப்பாவோ மாமாவோ மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய கதையையும் அப்போதே சொல்லலாம்.