தட்டைப் பிரிச்சாச்சு, ரேசரை?

1/ "அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வச்சுட்டேன் டாக்டர். பிள்ளைகளைப் பக்கத்துலயே விடுறதில்ல."

விஸ்வநத்தத்திலிருந்து வந்த ஒரு அக்கா சொன்னது. கணவர் பட்டாசு ஆலைத் தொழிலாளி. குடலிறக்க ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது.

"சவரம் எதுலக்கா பண்றார்?"

"வீட்டுலதான். அவருக்கும் பையனுக்கும் ஒரே ரேசர்."

2/ அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். 'காமாலைன்னா எல்லாம் ஒண்ணுதான்' என்ற எண்ணத்திலிருந்து வெளியே வர மருத்துவ உலகத்துக்கே அறுபது வருஷத்துக்கு மேல் ஆனது.

3/ 1883. ஜெர்மனியின் பிரெமன் நகரக் கப்பல் கட்டும் தளம். 1,289 தொழிலாளர்களுக்கு அம்மைத் தடுப்பூசி போட்டார்கள். அடுத்த சில மாதங்களில் 191 பேருக்குக் காமாலை. அந்த மருந்து மனித உடலிலிருந்து எடுக்கப்பட்டது. வேறு மருந்து போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

4/ 1942. அமெரிக்க ராணுவத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அதில் மனித ரத்தத்தின் சீரம் கலந்திருந்தது. சுமார் 50,000 வீரர்களுக்குக் காமாலை. 1947ல் பிரிட்டிஷ் மருத்துவர் மெக்கலம் இரண்டாகப் பிரித்துப் பெயர் வைத்தார்: சாப்பாடு, தண்ணீர் வழியா வருவது ஏ. ரத்தம் வழியா வருவது பி.

5/ நம்ம பயம் முதல் வகையைப் பார்த்து வந்தது. 1955 கடைசியில் டெல்லி. யமுனை வெள்ளத்தில் குடிநீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்தது. சுமார் 29,300 பேருக்குக் காமாலை. பிற்பாடுதான் அது ஏ-யும் இல்லை, தண்ணீர் வழியா வரும் ஈ வகை என்று தெரிந்தது.

6/ 1963ல் ப்ளம்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி, ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் புதுப் புரதம் ஒன்றைக் கண்டார். அது பி வைரஸின் மேலுறை என்பது சில வருஷம் கழித்துப் புரிந்தது. 1976ல் நோபல் பரிசு. ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி இரண்டும் அதிலிருந்து வந்தவைதான். அவர் பிறந்த ஜூலை 28தான் இன்று உலக ஹெபடைடிஸ் தினம்.

7/ சரி, வீட்டுக்கு வருவோம்.

பி வைரஸ் ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. கட்டிப்பிடித்தால், இருமினால் வராது.

ரேசர், பிளேடு, நகவெட்டி, பல் பிரஷ் பொதுவாக இருந்தால் வரலாம். காய்ந்த ரத்தத்திலும் ஏழு நாள்வரை உயிரோடு இருக்கும். உடலுறவு, சுத்தமில்லாத ஊசி, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு, இவையும் வழிகள்.

8/ பெரியவர்களுக்கு வந்தால் நூற்றில் 95 பேருக்குத் தானே சரியாகிவிடும். பச்சைக் குழந்தைக்கு வந்தால் பத்தில் ஒன்பதுக்கு ஆயுளுக்கும் தங்கிவிடும். பின்னாளில் ஈரல் சுருக்கம், புற்றுநோய் வரை போகலாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஊசி போடச் சொல்வது அதனால்தான்.

9/ இந்தியாவில் 2002-03ல் சில இடங்களில் ஆரம்பித்து, 2011ல் நாடு முழுக்க இந்த ஊசி அரசுத் திட்டத்தில் வந்தது.

10/ அக்கா குடும்பத்தில் எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தோம். 2013ல் பிறந்த மகள் ஊசி போட்டவள், நெகட்டிவ். அக்காவும் நெகட்டிவ், முதல் டோஸ் அன்றே போட்டாச்சு. 2004ல் பிறந்த மகன் ஊசி போடாதவன், பாசிட்டிவ்.

ரேசரா, சின்ன வயசிலேயேவா, இப்போது சொல்ல முடியாது. அப்பா, மகன் இருவரையும் தொடர்ந்து பார்க்கிறோம். 2018லிருந்து தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.

11/ அக்காவிடம் கடைசியாகச் சொன்னது: "ரேசரைத் தனியா வைங்க. தட்டை எடுத்துட்டு வந்து அவரைப் பிள்ளைகளோட உக்கார வைங்க."

உங்கள் வீட்டில் யாருக்காவது பாசிட்டிவ் என்றால், மற்ற எல்லாரும் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துக்கோங்க.