வைக்கோல் கூடையும் அட்டைப்பெட்டியும்

போன மாசம் தி.நகர்ல மக வீட்டுக்குப் போயிருந்தேன். அங்க ஒரு பழக்கடையில ஒவ்வொரு மாம்பழத்துக்கும் வெள்ளை நுரைவலை மாட்டி, ஒரே அளவாப் பொறுக்கி அடுக்கி வெச்சிருந்தாங்க. எங்க அப்பா கட்டுன கூடை ஞாபகம் வந்துருச்சு.

எங்க ஊரு கிருஷ்ணகிரிப் பக்கம். 1996-ல் கோயம்பேடு மார்க்கெட் வர்றதுக்கு முன்னாடி, மெட்ராஸுக்குப் போற காய் கொத்தவால்சாவடியிலதான் இறங்கும். மூங்கில் கூடையில ஒரு வரிசை வைக்கோல், ஒரு வரிசை காய். மேல சாக்கு போட்டுத் தைப்பாரு அப்பா. வைக்கோல் அடிபடாம தாங்கறதுக்கு மட்டும் இல்லீங்க. மாங்காய் தானா எத்திலீன் வாயு விடும். அந்த வாயுவையும் சூட்டையும் வைக்கோல் உள்ளயே பிடிச்சு வெக்கும். காயா ஏத்துனது சாவடி போய் ரெண்டு மூணு நாள்ல பழமாகும். அவசரப்பட்டு கார்பைடு கல் வெச்சவங்களும் உண்டு. அது தடை செஞ்ச சரக்கு. இப்ப அறையில எத்திலீன் விட்டுப் பழுக்க வெக்கச் சட்டமே அனுமதிக்குது.

கூடையை ரொம்பப் புகழவும் முடியாது. லாரியில ஒண்ணு மேல ஒண்ணு ஏத்துனா அடிக்கூடைக் காய் நசுங்கிரும். மண்டியில கழிவுன்னு பிடிச்சது போக அப்பா கையில வந்தது கொஞ்சம்தான்.

நெளி அட்டை பழத்துக்காக வந்ததே இல்ல. 1871-ல் நியூயார்க்ல ஆல்பர்ட் ஜோன்ஸ்ங்கிறவர் கண்ணாடி பாட்டிலைச் சுத்த அதுக்குக் காப்புரிமை வாங்கினார். பெட்டியோட பலம் நாலு மூலையில இருக்கு, அதனால மூலைக்கு மூலை நேரா அடுக்கணும். நனைஞ்சா போச்சு. பக்கத்துல ஓட்டை இல்லேன்னா பழம் வெந்துரும்.

இமாசலத்து ஆப்பிள்காரங்க மரப்பெட்டியில இருந்து அட்டைக்கு மாறினாங்க. அங்கயும் வம்புதான். மூடி உயர உயரப் பெட்டிக்குள்ள கூடுதலாத் திணிக்கச் சொல்லி, பெட்டிக் கணக்குலயே காசு கொடுத்தாங்க. அதான் 2024-ல் ஒரே அளவுப் பெட்டியைக் கட்டாயமாக்கினாங்க.

நம்ம பக்கம் பெட்டி பண்ணின வேலை வேற. கடைக்கு ஒரே அளவுப் பழம் வேணும். குண்டும் குட்டையுமா காய்க்கிற பீத்தர் அதுல உட்காராது. எங்க தோட்டத்துல ரெண்டு பீத்தர் மரத்தை வெட்டியாச்சு. கூடை முடைஞ்சவரும் மேஸ்திரி வேலைக்குப் போயிட்டாரு.

இந்த வருஷம் மயிலாப்பூர், அடையாறுல தெரிஞ்ச வீடுங்களுக்கு அஞ்சு கிலோ பெட்டியில நேரா பீத்தர் அனுப்பினேன், அடியில வைக்கோல் போட்டு. ஒரு அம்மா போன் பண்ணி, "பழம் தேன் மாதிரி இருக்கு, ஆனா வீடெல்லாம் குப்பை"ன்னாங்க. அடுத்த பெட்டிக்கு நியூஸ்பேப்பர் சுருட்டிப் போட்டேன். பழுக்க ரெண்டு நாள் கூட ஆச்சாம்.