பிச்சை குற்றமா? பசி குற்றமா?



எதிரணியிலே பேசின அம்மா ரொம்பச் சுலபமாச் சொல்லிட்டாங்க: "பிச்சைக்காரங்களைப் பிடிச்சு உள்ளே போடுங்க, தெரு சுத்தமாயிடும்." அம்மா, இது புது யோசனை இல்லை. 1547-லேயே இங்கிலாந்திலே ஒரு சட்டம் போட்டான். தெம்பு இருந்தும் வேலை செய்யாமல் திரிகிறவன் மார்பிலே சூடு போட்டு, 2 வருஷம் அடிமையாக்கலாம் என்றான். பிச்சை நின்றதா? 1550-லே அந்தச் சட்டம்தான் நின்றது! (சிரிப்பு)

நாம் என்ன செய்தோம்? 1945-லே சென்னை மாகாணத்திலே பிச்சைத் தடுப்புச் சட்டம் வந்தது. அது வெள்ளைக்காரன் காலம். சுதந்திரம் வந்து 12 வருஷம் கழித்து, 1959-லே பம்பாயிலே இன்னொரு சட்டம் வந்ததே! தெருவிலே பாடி, ஆடி, ஜோசியம் சொல்லிக் காசு வாங்கினாலும் பிச்சைதான் என்றது அது. அப்படிப் பார்த்தா, மேடை போட்டுப் பேசிச் சன்மானம் வாங்குகிற நாம யாருங்க ஐயா? (கைதட்டல்)

வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம். முதல் தடவை 1 வருஷம் முதல் 3 வருஷம் வரை அடைக்கலாம். திரும்பத் திரும்ப மாட்டினால் 10 வருஷம் வரை! அடைக்கிற இடத்துக்குப் பெயர் மட்டும் 'இல்லம்'. வெளியே வர முடியாத இடம் இல்லமா, சிறையா?

இந்தச் சட்டம் டில்லிக்கும் போனது. 2018 ஆகஸ்டு 8-ஆம் தேதி, பிச்சையைக் குற்றமாக்கிய பிரிவுகள் அங்கே செல்லாது என்று டில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2021-லே உச்ச நீதிமன்றமும், வேறு வழி இல்லாமல்தான் கையேந்துகிறார்கள் என்று சொல்லி, அவர்களைத் தெருவிலிருந்து விரட்ட உத்தரவு போட மறுத்துவிட்டது.

"குழந்தைகளை வைத்துப் பிழைக்கிற கும்பல் இருக்கே?" என்று கேட்டாங்க. நியாயமான கேள்வி. அந்தக் கும்பலைப் பிடியுங்கள்! கட்டாயப்படுத்திப் பிச்சை எடுக்க வைப்பதற்குத் தனிச் சட்டம் செய்யலாம் என்று டில்லித் தீர்ப்பே சொல்லியிருக்கு. பிடிக்க வேண்டியது கும்பலைத்தான், குழந்தையை அல்ல.

நம்ம மணிமேகலை என்ன செய்தாள்? கையிலே அமுதசுரபி. அதுவும் பிச்சைப் பாத்திரம்தான். அதை ஏந்தி, ஊர்ப் பசியை ஆற்றினாள். சோழ மன்னன் "என்ன வேண்டும்?" என்றபோது, தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கு என்றாள். மன்னனும் ஆக்கினான்.

அவள் சிறையை இல்லமாக்கினாள். நாம் இல்லத்தைச் சிறையாக்கினோம்! (பலத்த கைதட்டல்)

எனவே நடுவர் அவர்களே, ஏந்துகிற கை குற்றவாளி அல்ல, ஏந்த வைத்த பசிதான் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கக் கேட்டு அமர்கிறேன்.