பெயர் வாசிக்கப்படும் இரவு: மரக்காணக் கரையை முன்வைத்து உள்ளாட்சித் தேர்தல் முடிவறிவிப்பின் வரலாறு

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலை உப்பளங்களின் நடுவே நீண்டு செல்லும் மரக்காணத்தை அடுத்து, எக்கியார்குப்பம் என்னும் மீனவக் கிராமம் கடலோரத்தில் அமைந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் விஷச் சாராயம் பல உயிர்களைப் பலிகொண்டபோதுதான் பத்திரிகைகள் இவ்வூரின் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிட்டன. ஆனால், ஒரு குப்பத்தின் பெயரும் குப்பத்து மனிதரின் பெயரும் சபையறிய உரக்க வாசிக்கப்படுவதற்கு, மரணத்தைக் காட்டிலும் மேலான சந்தர்ப்பம் ஒன்று உண்டு. உள்ளாட்சித் தேர்தலில் வாக்கு எண்ணும் இரவே அது. அவ்விரவு இன்றைய உருவத்தை அடைந்த வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது அறிஞர் பலரின் துணிபு. இங்குள்ள பூமீசுவரர் கோயிலில் சோழர் காலச் சாசனங்கள் இருக்கின்றன. எனினும், நம் ஆராய்ச்சிக்கு வேண்டிய தலையாய சாசனத்தைத் தேடி இக்கரையிலிருந்து வடமேற்கே உத்தரமேரூருக்குச் செல்ல வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும், அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் பொறிக்கப்பட்ட குடவோலைச் சாசனங்களைப் பற்றி எழுதுவோர், அபேட்சகர்களுக்குரிய தகுதிகளையே பெரிதும் விவரிப்பர். அதே சாசனம் முடிவு அறிவிக்கும் முறையை எவ்வளவு கருத்தோடு வகுத்திருக்கிறது என்பதைப் போதிய அளவு எடுத்துரைப்பதில்லை. ஊரின் முப்பது குடும்புகளிலும் (வார்டுகளிலும்) தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடும்பு வாரியாகக் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்படும். சிறுவரும் முதியவரும் கூடிய மகாசபையின் நடுவே, அன்று ஊரிலிருக்கும் கோயில் நம்பிமார் அனைவரும் அமர்ந்திருக்க, அவருள் மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லாரும் காணத் தூக்கிப் பிடிப்பார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அவ்வோலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். ஏற்றபின் அதை உரக்க வாசிக்க வேண்டும். அவன் வாசித்ததை அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் மீண்டும் வாசிக்க வேண்டும். அதன் பிறகே அப்பெயர் எழுதப்படும். விரல்களை விரிக்கச் சொன்னதன் காரணம் வெளிப்படை: மடக்கிய கையில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாம். ஒருவன் வாசித்தது போதாதென்று பலரும் வாசிக்க வேண்டுமென்றதன் காரணமும் அதுவே. அது நிலமும் கல்வியும் உடைய பிராமண ஆடவரின் சபை என்பதையும், உப்பு வாருவோருக்கும் வலை இழுப்போருக்கும் அங்கே இடமில்லை என்பதையும் மறைப்பது வரலாற்றுக்குச் செய்யும் துரோகமாகும். ஆயினும், முடிவு என்பது சம்பந்தப்பட்டவர் முன்னிலையில் காட்டப்பட்டு வாசிக்கப்பட வேண்டிய பொருள் என்ற எண்ணம் இம்மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதப்பட்டுவிட்டது.

ஆங்கிலேயர் ஆட்சியில் ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானமும், அதனைத் தொடர்ந்த 1884-ஆம் ஆண்டுச் சென்னை ஸ்தல போர்டுகள் சட்டமும் தேர்தல் என்னும் முறையைப் புதிதாகப் புகுத்தின. தென்னார்க்காடு ஜில்லாவின் திண்டிவனம் தாலுகாவில் அடங்கியிருந்த மரக்காணக் கரையில், வரி செலுத்தும் சிலருக்கன்றி மற்றவர்க்கு அதனால் விளைந்த பயன் சொற்பமே. பாமர மக்கள் தேர்தல் முடிவைத் தமதாகக் கருதத் தொடங்கியது வர்ணப் பெட்டிகளின் காலத்தில் எனலாம். 1937-ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸுக்கு உரியதாயிருந்த மஞ்சள் பெட்டி, எழுத்தறியாதவனுக்கும் தன் வாக்கு எங்கே விழுந்தது என்பதைக் கண்ணுக்குக் காட்டியது. பின்னர், அபேட்சகருக்கு ஒரு பெட்டி என்ற முறை மறைந்து, ஒரே சீட்டில் சின்னங்களை வரிசையாக அச்சிட்டு முத்திரை குத்தும் முறை வந்தபோது, எண்ணுவோரின் பொறுப்பு இருமடங்காயிற்று. பெட்டியைத் திறந்து எண்ணினால் போதும் என்ற நிலை மாறி, ஒவ்வொரு சீட்டையும் விரித்து, இது யாருக்கு விழுந்தது என்று தீர்மானிக்க வேண்டியதாயிற்று. மத்தியஸ்தனின் உள்ளங்கை மீண்டும் இன்றியமையாததாயிற்று.

அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தத்திற்கு இணங்க இயற்றப்பட்ட 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், கிராமத்து வாக்காளர் ஒவ்வொருவர் கையிலும் நான்கு சீட்டுகளைக் கொடுத்தது. ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முன்னிரண்டும் கட்சிச் சார்பற்றவை. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா போன்ற சின்னங்களில் அண்ணனும் தம்பியும், மாமனும் மைத்துனனும் எதிரெதிரே நிற்பவை. பின்னிரண்டும் கட்சிக் கொடிகளின் கீழ் நடப்பவை.

நான்கு வர்ணங்களும் ஒரே பெட்டியில் கலந்து வருவதால்தான் எண்ணிக்கை இரவு இத்தனை நீளமாகிறது. பெட்டியின் அரக்கு முத்திரை உடைக்கப்பட்டுச் சீட்டுகள் மேசைமேல் கொட்டப்படுகின்றன. வர்ணம் வர்ணமாகப் பிரிக்கப்படுகின்றன. கட்டுக் கட்டாகக் கட்டப்படுகின்றன. அதன் பிறகே எண்ணுதல் தொடங்குகிறது. கம்பி வலைக்கு அப்பால் நிற்கும் முகவர், ஊழியர் விரித்துக் காட்டும் ஒவ்வொரு சீட்டையும் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார். குத்திய முத்திரையின் ஈரம் மடிப்பில் பட்டு வேறொரு சின்னத்தின்மேல் தலைகீழாகப் பதிந்திருந்தால் அது செல்லுமா, செல்லாதா என்ற வாதம் அங்கே எழும். முதலில் நெடுக்கே மடித்துப் பிறகு குறுக்கே மடிக்க வேண்டுமென்று வாக்காளருக்குச் சொல்லப்படுவது இதற்காகவே. ஒரு வார்டில் மொத்தமே சில நூறு வாக்குகள் இருக்கையில், அந்த ஒரு சீட்டு ஐந்தாண்டுகளைத் தீர்மானித்துவிடக் கூடும். வெளியே, பள்ளிக்கூட மதிலோரம், டீக்கடை வெளிச்சத்தில் காத்திருப்போர் ஒருவரையொருவர் கேட்கும் கேள்வி ஒன்றே: “நம்ம பெட்டி பிரிச்சாச்சா?” எந்தக் குப்பத்துப் பெட்டி, எந்தத் தெருவுப் பெட்டி என்று தெரிந்தாலே யார் முந்துவார் என்பதை அவர்கள் விரல்விட்டுச் சொல்லிவிடுவார்கள். கைப்பேசிக்கு உள்ளே அனுமதி இல்லாத காரணத்தால், வெளியே வரும் முகவரின் முகத்தைப் பார்த்தே கூட்டம் ஆரவாரிக்கும், அல்லது அடங்கும்.

சோழமண்டலக் கரையின் மீனவக் குப்பங்களுக்கு இவ்விரவு விசேஷமான பொருள் உடையது. அங்கே அரசாங்கத்தின் ஊராட்சிக்கு முற்பட்ட ஊர்ப் பஞ்சாயத்து ஒன்று இன்றளவும் அதிகாரத்தோடு விளங்குகிறது. இன்ன வலையை விடலாம், இன்னதை விடலாகாது என்று விதிப்பதும், கடலில் நேர்ந்த தகராற்றைக் கரையில் தீர்ப்பதும், கோயில் திருவிழாவுக்கு வரி தண்டுவதும் நாட்டார், பஞ்சாயத்தார் எனப்படும் பெரியவர்களின் கடமை. அப்பஞ்சாயத்துக்கு வாக்குச் சீட்டும் இல்லை, எண்ணிக்கை மேசையும் இல்லை. பேசி ஒருமனப்படுவதே அதன் முறை. கடலை அறிந்தவர்களின் அந்த ஞானத்தை நான் குறைத்து மதிப்பவன் அல்லன். ஆனால், மீனைக் கூடையில் சுமந்து சந்தைக்கு நடந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்ணுக்கு அச்சபையில் வழிவழியாக இருக்கை இல்லை. 1996-ஆம் ஆண்டுத் தேர்தலில் மூன்றில் ஒரு பங்காகவும், 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் சரிபாதியாகவும் பெண்களுக்கு இடங்கள் ஒதுக்கப்பட்டன; அதனால், ஊர்ப் பஞ்சாயத்தில் வாய் திறக்க இயலாத ஒருத்தியின் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டிய கடமை தேர்தல் நடத்தும் அலுவலருக்கு ஏற்பட்டது. உத்தரமேரூர்ச் சபை கனவிலும் கருதாத இம்மாற்றத்தையே நம் ஸ்தல சுயாட்சி வரலாற்றின் மிகப் பெரிய சாதனையாக நான் கருதுகிறேன்.

இனிக் குறையைச் சொல்ல வேண்டும். பலரும் எண்ணிக்கையின் நேர்மையைப் பற்றியே கவலைப்படுகின்றனர். நானோ எண்ணிக்கை நாள் வாராமற்போவதையே பெருங்குறை என்பேன். 1970-இல் நடந்த ஊராட்சித் தேர்தலுக்கு அடுத்தது 1986-இல்தான் நடந்தது. 1991-இல் பதவிக்காலம் முடிந்தபின் 1996 வரை தேர்தல் இல்லை. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிக்கையைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்துச் செய்தது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்து, 2020 ஜனவரி 2-ஆம் தேதி தொடங்கிய எண்ணிக்கை மறுநாளும் நீண்டபோது, புதிதாகப் பிரிக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களில் ஒன்றாகிய விழுப்புரம் அதில் இடம்பெறவில்லை. 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாட்களில் வாக்குப் பதிவும் 12-ஆம் தேதி எண்ணிக்கையும் நடந்தபோதுதான், அவ்வொன்பது மாவட்டங்களின் 27,003 பதவிகளோடு சேர்த்து, இக்கரைக் கிராமங்களின் பெயர்களும் வாசிக்கப்பட்டன. 2011 அக்டோபருக்கும் அதற்கும் இடையே பத்தாண்டுகள் கழிந்திருந்தன.

மரக்காணம் பேரூராட்சியின் முறை அடுத்த ஆண்டு வந்தது. 2022 பிப்ரவரி 19-இல் இயந்திரங்களில் பதிவான வாக்குகள் 22-ஆம் தேதி எண்ணப்பட்டன. விடிய விடிய விழித்திருக்கும் வேலையை இயந்திரம் குறைத்துவிட்டது. ஆயினும் ஒன்றை அதனால் மாற்ற முடியவில்லை. இருவர் சமமான வாக்குகள் பெற்றால், சீட்டுக்கும் இயந்திரத்துக்கும் இன்றும் விதி ஒன்றே. பெயர்கள் எழுதப்பட்டு, மடிக்கப்பட்டு, குலுக்கப்பட்டு, ஒன்று எடுக்கப்படுகிறது. எடுத்தவர் அதை எல்லாரும் காண விரித்துக் காட்டி வாசிக்கிறார்.

2021 அக்டோபரில் பொறுப்பேற்றவர்களின் ஐந்தாண்டுகள் 2026 அக்டோபரில் முடிவடைகின்றன. மற்ற மாவட்டங்களின் ஊராட்சிகளில் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியே முடிந்து, தனி அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். மரக்காணக் கரைக்கும் அந்நிலை நேராவண்ணம், உரிய காலத்தில் பெட்டிகள் பிரிக்கப்பட வேண்டுமென்று அரசாங்கத்தையும் மாநிலத் தேர்தல் ஆணையத்தையும் கேட்டுக்கொள்கிறேன்.